போயா நாளில் கட்டிய வெள்ளைக்கொடி

அன்று பௌர்ணமி, போயா விடுமுறை. ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையோரத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பும் இல்லை, கவ்வாத்தும் இல்லை. ஆனாலும் கணபதி காலையிலேயே தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில், தன் வாசலில் குந்தி, கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். தேயிலைச் செடியின் தலையை ஒரே வீச்சில் சீவுகிற கத்தி. கல்லில் தண்ணீர் தெளிப்பான், இழுப்பான், பெருவிரலால் கூர் பார்ப்பான்.

உள்ளே ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி சந்திரகாந்தா மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள்.

“வேலை இல்லாத நாள்ல யாருக்குங்க இந்தத் தீட்டு தீட்டுறீங்க?”

“தெரியாத மாதிரி கேக்காத.”

அவளுக்குத் தெரியும். அவர்களுடைய ஒரே மகள் ஹம்சிகா மாத்தளையில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்தவள். போன மாதம் சசிக்குமாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, பக்கத்துத் தோட்டத்திலுள்ள அவன் வீட்டுக்கே போய்விட்டாள். சசிக்குமார் த்ரீவீல் ஓட்டுகிறான். குடி கிடையாது, வம்பு கிடையாது. கணபதிக்குப் பட்ட குறை ஒன்றே ஒன்றுதான். அவன் அப்பா மருதமுத்து சாவு வீடுகளில் தப்பு என்கிற பறை அடிப்பவர்.

கணபதியின் பாட்டன் ஒரு துணி மூட்டையோடு கடல் தாண்டி வந்தவர். அந்த மூட்டையில் இருந்ததெல்லாம் எப்போதோ கிழிந்து போயிற்று. சாதி மட்டும் கிழியவில்லை. போன வாரம் முனியாண்டி கோயிலில் பங்காளிகள் கணபதியைச் சூழ்ந்துகொண்டார்கள். “பொட்டப்புள்ளய அடக்கத் தெரியாதவனுக்கு மீசை எதுக்கு?” என்று ஒருவன் கேட்டான். கணபதி எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்தான். “போயாவுக்குள்ள இந்த அழுக்கக் கழுவிடுறேன். சாமி மேல சத்தியம்” என்றான். ஒருவரும் தடுக்கவில்லை.

கத்தியைத் துணியில் சுற்றிப் பையில் வைக்கும்போது, பாதையில் குணதாச வந்தார். சந்தியில் கடை வைத்திருப்பவர். மரணாதாரச் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். தமிழரோ சிங்களவரோ, யார் வீட்டில் சாவு விழுந்தாலும் தகரப் பந்தலும் உட்காரக் கதிரையும் வெள்ளைக்கொடியும் முதலில் அவரிடமிருந்துதான் வரும். ஹம்சிகாவைச் சிறுவயதிலிருந்தே அறிந்தவர்.

“கணபதி, துவ கோ?” மகள் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்.

தமிழில் கேட்டிருந்தால் கணபதி, “எங்களுக்கு அவ செத்துட்டா” என்று சொல்லியிருப்பான். அவனுக்குத் தெரிந்தது கடைத்தெருச் சிங்களம். ஆத்திரத்தில் அந்த ‘எங்களுக்கு’ விட்டுப்போயிற்று.

“துவ மளா!” என்று கத்தினான். மகள் செத்துப்போனாள்.

குணதாச அவன் சிவந்த கண்களைப் பார்த்தார். உள்ளே முந்தானையால் முகத்தை மூடியிருந்த சந்திரகாந்தாவையும் பார்த்தார். “அனே!” என்று நெஞ்சில் கை வைத்தவர், மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் திரும்பி ஓடினார்.

கணபதி கவனிக்கவில்லை. கோயிலில் கும்பிட்டுவிட்டு மகளிருக்கும் வீட்டுக்குப் போவதற்காக, பையை உள்ளே வைத்துவிட்டுப் பீலித் தண்ணீரில் குளிக்கப் போய்விட்டான்.

வெகுநேரம் தண்ணீரில் நின்றுவிட்டுத் தலை சொட்டச் சொட்டத் திரும்பியவன் பாதையிலேயே நின்றான். சந்தியிலிருந்து லயம் வரைக்கும் வெள்ளைக்கொடி. வாசலில் பந்தல். சிவப்புக் கதிரைகள் நிறைய ஆட்கள். துக்கக் குளியல் குளித்து வந்தவனைப்போல் ஈரத்தோடு நின்ற அவன் கைகளை ஒவ்வொருவராக வந்து பிடித்தார்கள். எல்லோரும் அழுதார்கள். ஆனால் எப்படிச் செத்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓடிப்போன பெண் செத்தால் ஊரில் யாரும் காரணம் கேட்பதில்லை. அவன் கையைத்தான் ஒரு தரம் பார்த்தார்கள்.

கணபதி சந்திரகாந்தாவைத் தேடினான். அவள் பெண்கள் நடுவில் உட்கார்ந்து வாய் விட்டு அழுதுகொண்டிருந்தாள். முதல் கதிரை வந்து இறங்கியபோதே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இத்தனை பேர் நிற்கும் வாசலைத் தாண்டி அவன் அந்தப் பையோடு போக முடியாது என்பதும் புரிந்தது. அதனால் மறுக்கவில்லை. அழுகை மட்டும் உண்மை.

“அவ சாகல” என்று சொல்லத்தான் கணபதி வாயெடுத்தான். ‘இன்னும் சாகல’ என்றுதான் வந்தது. விழுங்கிக்கொண்டான்.

“என் மகன் ஆஸ்பத்திரில கெடந்தப்போ, கடைய விட்டு ஓடியாந்து ரத்தம் குடுத்த புள்ளய்யா” என்று கொழுந்துக்காரி ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். “சிரிச்சா லயமே திரும்பிப் பாக்குமே” என்றாள் இன்னொருத்தி.

குணதாச மெதுவாக அருகில் வந்தார். தமிழைத் தட்டித் தடவிக் கேட்டார். “கணபதி, பெட்டிக்காரன் கேக்குறான். புள்ள எவ்வளவு ஒசரம்?”

கணபதி கையைத் தூக்கினான். தன் தோள்மட்டத்துக்குக் காட்டினான். பள்ளிக்கூடம் போகும்போது இடுப்பில் நின்ற தலை, வருடா வருடம் ஏறி அங்கே வந்து நின்றிருந்தது. தூக்கிய கை இறங்கவில்லை.

அப்போது பந்தலுக்குக் கீழே, பாதையோரத்தில் ஒரு குரல் கேட்டது. “என்னய்யா இது கூத்து?”

மருதமுத்து. தோளில் தப்பு தொங்கியது. ஹம்சிகா கட்டிக்கொண்டது யார் மகனை என்று அறியாத குணதாசதான் ஆள் விட்டு வரச் சொல்லியிருந்தார். வழக்கம்போல் மருதமுத்து படியேறாமல் கீழேயே நின்றார்.

“எங்க வீட்ல இப்பத்தான் எனக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துச்சு மருமக. சீனி கூடிப்போச்சுன்னு சண்டை வேற போட்டுட்டு வர்றேன். அது சாவுக்கு என்னையே தப்படிக்கச் சொல்றீங்களா?”

எல்லோரும் கணபதியைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு யாரோ சிரித்தார்கள். குணதாச இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“கணபதி, நீதானே சொன்னது, துவ மளா!”

“அவரு சொன்னது பொய்யில்ல மாத்தயா” என்று சந்திரகாந்தா எழுந்தாள். உள்ளே போய்ப் பையை எடுத்து வந்தாள். துணியைப் பிரித்துக் கத்தியை ஒரு கதிரையில் வைத்தாள். “சாமி மேல சத்தியம் பண்ணிட்டுப் பொறப்பட்டாரு. நீங்க கொஞ்சம் முந்திட்டீங்க, அவ்வளவுதான்.”

சிரிப்பு நின்றது. கூட்டத்தில் நின்ற பங்காளிகள் தரையைப் பார்த்தார்கள்.

மருதமுத்து கத்தியைப் பார்த்தார். குரல் தாழ்ந்தது. “முனியாண்டி திருவிழாவுல என் தப்பு அடிச்சாத்தான் சாமியே ஏறுது. அந்தச் சாமியா எங்க வீட்டுக்கு வந்த புள்ளய வெட்டச் சொல்லுச்சு? உங்க வீட்டுச் சாவுக்கு நான் வேணும். உங்க புள்ள வாழ்றதுக்கு என் வீடு ஆகாதா?”

கணபதி கதிரையில் சரிந்தான். இத்தனை நேரம் வராத அழுகை அப்போது வந்தது. “சாமி ஒண்ணும் கேக்கலய்யா. மத்தவங்க வாய்க்குப் பயந்துட்டேன். பாவத்த சாமி பேர்ல எழுதப் பாத்தேன்.” தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். படியிறங்கிப் போய் மருதமுத்துவின் கையைப் பிடித்தான்.

“மேல வாங்க சம்பந்தி.”

மருதமுத்து முதல் தடவையாக அந்தப் படியேறினார். “தப்ப எங்க வைக்கிறது?” என்று கேட்டார். “வைக்காதீங்க” என்றான் கணபதி. “கல்யாணத்துக்கும் அடிப்பாங்கதானே?”

பந்தலை நாளைக்குத்தான் கழற்றுவோம் என்று குணதாச வீறாப்பாகச் சொன்னார். சாவு வீட்டுக்கென்று கொண்டுவந்த அரிசியில் உலை வைத்தார்கள். மத்தியானம் சசிக்குமாரின் த்ரீவீல் வந்து நின்றது. தன் சாவைக் கேள்விப்பட்டுப் பதறி வந்த ஹம்சிகா, பந்தலில் அப்பா கறிக்கு வெங்காயம் உரிப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

“வா புள்ள” என்றான். கண் கலங்கியதற்கு வெங்காயத்தைக் காட்டினான்.

சாப்பாட்டுக்கு முன் கணபதி அந்தக் கவ்வாத்துக் கத்தியோடு பாதையில் இறங்கினான். கொடிக் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தான். வழியில் நின்ற பங்காளிகளிடம், “பெத்த புள்ளய வெட்டிக் காப்பாத்துற மானம் மானமில்லடா, அது கொலை. தெரிஞ்சும் பேசாம இருந்தா நீங்களும் கூட்டுத்தான்” என்றான்.

பின்னால் கொடிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள் சந்திரகாந்தா. கடைசிக் கொடி அறுந்து அவள் கையில் விழுந்தது. அதை மடித்துக்கொண்டே சொன்னாள்:

“புள்ள செத்தா ஊரு கட்டுறது இந்த வெள்ளக்கொடி மட்டும்தாங்க. மானத்துக்குன்னு ஒரு கொடிய யாரும் கட்டப்போறதில்ல.”