எட்டுக் கையெழுத்து

பழைய டிராக்டர் விற்பவன் தன் அலுவலகத்தில் நாற்காலியை எங்கே போடுகிறான் என்பதிலேயே பாதி வியாபாரம் முடிந்துவிடும். வெர்லின் குபேனா முப்பத்தோரு வருடமாக, வாங்க வருபவரைச் சுவரோரம் உட்காரவைத்து, தான் கதவுப் பக்கம் உட்கார்ந்துகொள்வார். எழுந்து போக நினைப்பவர் முதலில் அவருடைய முழங்காலைத் தாண்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் தாண்டுவதில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, உயர்நிலைப் பள்ளி நூலகத்தில் அவர் பெயர் எழுதிய அட்டை சுவரோரம் இருந்தது. கதவுப் பக்கத்து அட்டையில் ‘கேலீன்’ என்று எழுதி, அருகில் ஒரு சூரியகாந்திப் பூ வரைந்திருந்தது. வெர்லின் அந்தப் பூவை ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியின் கருவியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

கேலீன் ஸ்ப்ரௌஸ், மாநிலத் தலைநகர் ஆஸ்டினிலிருந்து வந்த பயிற்சியாளர். ஊர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பள்ளிக் குழு உறுப்பினர்கள் ஏழு பேரும், வட்டாரப் பள்ளிகளை நடத்தும் கண்காணிப்பாளர் ட்ரெட்வெல்லும் ஆக எட்டுப் பேர், வருடத்துக்கு ஒரு நாள் இப்படி உட்கார்ந்து, ஒன்றாக வேலை செய்வது எப்படி என்று கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொள்ளாதவர்களின் பெயரை, தேர்தலுக்கு முந்தின கடைசிக் கூட்டத்தில் குழுத் தலைவி ஊர் மக்கள் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும். அந்தக் கடைசிக் கூட்டம் வருகிற வியாழக்கிழமை. தலைவி மார்லிஸ் ஃபோல்கரின் பெயரும் வெர்லினின் பெயரும் இந்த முறை வாக்குச்சீட்டில் இருந்தன.

வெர்லினின் வண்டி பட்டறையில் கிடந்தது. அதனால் டெல்பர்ட் ஹாயெக்கின் வண்டியில் வந்திருந்தார். டெல்பர்ட்டும் குழு உறுப்பினர், மாடு வளர்ப்பவர், இருபது வருடச் சினேகிதர். அவருடைய வண்டியில் பக்கத்து இருக்கைக் கதவு உள்ளிருந்து திறக்காது. டெல்பர்ட் இறங்கிச் சுற்றிவந்து திறந்துவிட்டால்தான் உண்டு.

“இதைச் சரி பண்ண மாட்டியாய்யா?” என்று காலையில் வெர்லின் கேட்டிருந்தார்.

“எதுக்கு? ரோசலி இறங்கறதுக்கு முன்னாடி நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிச்சுடலாம்ல.”

டெல்பர்ட்டுக்கு அன்று வேறு கவலை. ஒரு கிடாரி தலைச்சன் கன்று போட இருந்தது. மனைவி ரோசலி தொழுவத்திலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

முதலில் நூல் பந்தை ஒருவர்மீது ஒருவர் எறிந்து வலை பின்னினார்கள். பிறகு நாடகம்.

“டெல்பர்ட், நீங்க குழு உறுப்பினர்” என்றாள் கேலீன். “வெர்லின், நீங்க கோபமா வந்திருக்கிற ஒரு அப்பா. ரெண்டு பேரும் கடைத்தெருவுல எதிர்ல பாத்துக்கறீங்க.”

“எதுக்குக் கோபம்?”

“எதுக்கு வேணா இருக்கலாம்.”

வெர்லின் எழுந்து நின்று தொப்பியைப் பின்னால் தள்ளினார். “என்ன டெல்பர்ட், நல்லா இருக்கியா? ராத்திரி தூக்கம் வருதா? என் பொண்ணுக்கு ஆறு வயசு. இனிமே அவ இருட்டுல பஸ் ஏறி நாப்பது நிமிஷம் போகணும். தூங்கி விழறப்போ தலையை எங்க சாய்ப்பா, உன் தோள்லயா?”

நடிப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. வெர்லின் வசிக்கும் க்ராஸ்னாவில், அவருடைய டிராக்டர் முற்றத்துக்கு எதிரிலேயே, அறுபத்தொரு பிள்ளைகள் படிக்கும் சின்னப் பள்ளி இருக்கிறது. மே மாதத்தோடு அதை மூடுவதென்று போன மாதம் குழு நாலுக்கு மூன்று என்று முடிவெடுத்திருந்தது. வெர்லின் அந்த மூன்றில் ஒருவர். டெல்பர்ட் அந்த நாலில் ஒருவர். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு மாதா கோயில் கூடத்தில் க்ராஸ்னா மக்கள் கூடுகிறார்கள். வெர்லின் பேசுவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

கேலீன் மேசைமேல் இருந்த சின்ன மணியைத் தட்டினாள். “ரொம்ப அருமை. ஆனா நிஜ விஷயம் வேணாம். இன்னிக்கு அறிவிப்புல பயிற்சின்னு மட்டுந்தான் போட்டிருக்கு. வட்டார வேலையைப் பேசினா இது சட்டவிரோதக் கூட்டமாயிடும். டெல்பர்ட், நான் குடுத்த அட்டையில இருக்கிற பதில்?”

டெல்பர்ட் விதைப் பொட்டலத்தில் எழுதியிருப்பதை வாசிப்பதுபோல் வாசித்தார். “குழு முடிவெடுத்தாச்சு. அந்த முடிவுக்குப் பின்னால நானும் நிக்கிறேன்.”

“இப்ப மாத்திக்குவோம். வெர்லின், நீங்க சொல்லுங்க.”

“தொண்டை கட்டியிருக்கு, மேடம்.”

கேலீன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வெர்லின் மெதுவாகக் குடித்து முடித்தார்.

“இன்னும் கட்டித்தான் இருக்கு.”

மத்தியானம் பழக்கூழ் வைத்துச் சுட்ட கொலாச்சி ரொட்டி வந்தது. சாப்பிடும்போது டெல்பர்ட் பதினோரு வருடமாகச் சொல்லும் கதையைக் கேலீனுக்கும் சொன்னார். வெர்லினிடம் அவர் ஒரு வைக்கோல் கட்டும் இயந்திரம் வாங்கினார். “ஓடுமான்னு கேட்டேன். ஓடும்னான். நல்லாத்தான் ஓடிச்சு, ஆனா ஒரு கட்டு கட்டலை. வந்து கேட்டா, ‘ஓடுமான்னுதானே கேட்ட, கட்டுமான்னா கேட்ட’ங்கறான்.”

எல்லோரும் சிரித்தார்கள். வெர்லினும் சிரித்தார். நல்ல வியாபாரம் அது.

ஒன்றரை மணிக்குக் கேலீன் அந்தத் தாளை எடுத்துவைத்தாள். கீழ்ப்பாதியில் வருகைப் பதிவு. மேல்பாதியில் உறுதிமொழி: குழு எடுத்த முடிவு என் முடிவு; அதற்கு எதிராக வெளியே எங்கும் பேச மாட்டேன். கையெழுத்துக் கோடு ஆளுக்கு ஒன்றுதான், இரண்டுக்கும் சேர்த்து. ஐந்து வருடமாக வெர்லின் இதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். விற்பனைப் பத்திரத்தில் ஒரு எழுத்து விடாமல் படிக்கும் மனிதர், இதை மட்டும் பார்சல் வாங்குவதுபோல் கிறுக்கிக் கொடுத்துவந்திருக்கிறார். இன்றுதான் படித்தார்.

“இதுல நான் கையெழுத்துப் போட முடியாது.”

“பரவாயில்லை, வெர்லின். அவசரமே இல்லை” என்றாள் கேலீன். “எட்டுக் கையெழுத்தும் இருந்தாத்தான் எங்க அலுவலகத்துல தாளை ஏத்துக்குவாங்க. ஆனா அஞ்சு மணி வரைக்கும் அறை நம்மளதுதான். காப்பி?”

அந்தக் ‘காப்பி’யை வெர்லின் உடனே அடையாளம் கண்டுகொண்டார். மிரட்டல் இல்லை, கெஞ்சல் இல்லை, கதவோரம் உட்கார்ந்து காப்பி ஊற்றுவது. அவருடைய சொந்தச் சரக்கு. அது எத்தனை பேரிடம் வேலை செய்தது என்று அவருக்குத் தெரியும்.

இரண்டு மணி ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. மற்ற ஏழு பேரில் ஆறு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். டெல்பர்ட் மட்டும் கைப்பேசியைப் பார்த்தபடி, பிறகு போடுகிறேன் என்று வைத்திருந்தார். ட்ரெட்வெல் கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார். யாரும் போக முடியாது. போனால் பயிற்சிக் கணக்கில் அவருடைய மணிநேரமும் போய்விடும்.

மூன்று மணிக்கு வெர்லின் வெளி வராந்தாவுக்குப் போனார். மார்லிஸ் பின்னாலேயே வந்தாள். ஊரில் காப்பீட்டு அலுவலகம் நடத்துபவள் அவள். மூழ்கின படகுக்கும் காப்பீடு விற்றவள் என்று பெயர்.

“வியாழக்கிழமை நான் என் பேரையே எழுந்து நின்னு வாசிக்கணும், வெர்லின். ‘பயிற்சி முடிக்காதவர், மார்லிஸ் ஃபோல்கர்.’ எதிர்த்து நிக்கிறவ முதல் வரிசையில உக்காந்து கேப்பா.”

“என் பேரும்தான் வரும்.”

“உங்களை எதிர்த்து நிக்கிறவர் மட்டும் என்ன சொல்லுவார்? ‘குபேனாவால ஒரு நாள் பள்ளிக்கூடத்துல உக்கார முடியலை, அவரா பள்ளிக்கூடத்தைக் காப்பாத்தப்போறார்’னுதானே? சீட்டு போச்சுன்னா க்ராஸ்னாவுக்கு அந்த மூணும் ரெண்டாயிடும்.”

அது உண்மை. அதைத்தான் வெர்லின் ஒன்றரை மணியிலிருந்து மனசுக்குள் எடை போட்டுக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டால் நாக்கு போகும். போடாவிட்டால் நாற்காலி போகும்.

டெல்பர்ட் வெளியே வந்தார். “கன்னுக்கு ஒரு கால்தான் வெளிய வந்திருக்காம். ரோசலி தனியா இருக்கா. நீ போடறியா இல்லையா, வெர்லின்?”

“நீ கிளம்பேன்.”

“நான் போனா என் மணிநேரம் போயிடும்யா. நீ போட்டாத்தான் நான் போக முடியும்.”

அப்போது இன்னொரு உறுப்பினர் தண்ணீர் குடிக்கக் கதவைத் திறந்தார். “நில்லுங்க, நில்லுங்க” என்றாள் மார்லிஸ். “நாங்க மூணு பேர் இருக்கோம். நீங்க வந்தா நாலு. ஏழுல நாலு சேர்ந்தா அது கூட்டம்.” அந்த மனிதர் தாகத்தோடு திரும்பிப் போனார். மார்லிஸ் கொஞ்சம் யோசித்து, தானும் உள்ளே போய்விட்டாள். எந்த இரண்டு பேரைத் தனியே விட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

வெர்லின் டெல்பர்ட்டைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை. கை தானாகவே கைப்பேசிக்குப் போய்வந்துகொண்டிருந்தது. அவசரத்தில் இருக்கும் ஆள். இப்படி ஒரு ஆளுக்காகத்தானே முப்பத்தோரு வருடமாகக் கதவோரம் உட்கார்ந்திருந்தார்.

“டெல்பர்ட், முடிவான விஷயத்தை மறுபடி கொண்டுவரணும்னா ஜெயிச்ச பக்கத்து ஆள்தான் கொண்டுவர முடியும். விதி அது.”

“தெரியும்.”

“நீ ஜெயிச்ச பக்கம்.”

டெல்பர்ட் நூலகக் கதவைத் திரும்பிப் பார்த்தார். கைப்பேசி மறுபடி அதிர்ந்தது.

“வியாழக்கிழமை நான் கொண்டுவரணும். அவ்வளவுதானே?”

“கொண்டுவந்தா நான் இப்பவே போடறேன். திங்கக்கிழமை காலையில மார்லிஸ்கிட்ட எழுதிக் குடுத்துடு, அறிவிப்புல போடட்டும்.”

“சரி. கொண்டுவர்றேன். போடு.”

கைகுலுக்கினார்கள். வெர்லின் உள்ளே போய், பேனாவை வாங்கி, ஏழாவது கோட்டில் கையெழுத்துப் போட்டார். எட்டாவதில் டெல்பர்ட் போட்டார். கேலீன் கைதட்டவில்லை, தாளை மடித்துப் பையில் வைத்தாள். அதையும் வெர்லின் கவனித்தார். கைக்கு வந்த பத்திரத்தை நல்ல வியாபாரி கொண்டாட மாட்டான்.

வழியிலேயே செய்தி வந்துவிட்டது. கன்றும் தாயும் நலம். டெல்பர்ட் சாலையோரம் வண்டியை நிறுத்தி இரண்டு நிமிடம் ஸ்டியரிங்மேல் தலை சாய்த்திருந்தார். வெர்லினுக்குக் கால் நீட்ட வேண்டும்போல் இருந்தது. இறங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் கூடத்தில் நூற்றுப் பத்து பேர். வெர்லின் எழுந்து, “வியாழக்கிழமை வரைக்கும் பொறுங்க. அதுக்கு மேல இப்ப ஒண்ணும் சொல்லக்கூடாது” என்று உட்கார்ந்துவிட்டார். சொல்லாமல் விட்டதில் நல்ல சேதி இருப்பதாக ஜனங்களே முடிவுசெய்துகொண்டு கைதட்டினார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆக்னெஸ் மஹாச்சேக், முற்றத்தில் நிற்கும் பச்சை டிராக்டரைப் பற்றி வெள்ளிக்கிழமை வந்து பேசுவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை க்ராஸ்னாவே வந்து கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தது. மார்லிஸ் முதலில் பெயர்களை வாசித்தாள். “பயிற்சி முழுவதும் முடித்தவர்கள்” என்று ஏழு பெயர். முடிக்காதவர் யாருமில்லை. பிறகு டெல்பர்ட் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, க்ராஸ்னா பள்ளி முடிவை மறுபடி ஓட்டுக்கு விட வேண்டும் என்றார். வெர்லின் வழிமொழிந்தார். ஆளாளுக்குப் பேசினார்கள். வெர்லின் பேசியபோது பின்வரிசையில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். கை தூக்கச் சொன்னாள் மார்லிஸ்.

மூன்று கை. எதிராக நாலு. நாலாவது கை டெல்பர்ட்டுடையது.

கூட்டம் முடிந்து எல்லோரும் நாற்காலியை நகர்த்தும் சத்தத்தில், வெர்லின் அவர் பக்கம் சாய்ந்தார்.

“டெல்பர்ட்.”

“கொண்டுவரச் சொன்ன. கொண்டுவந்தேன்.”

“பின்ன எதுக்குய்யா கொண்டுவர்றது?”

“ஓட்டை மாத்துவியான்னு நீ கேக்கலையே.” அவர் குரலில் எகத்தாளம் இல்லை. “கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன். ஒரே அறையில மூணு வகுப்பு. மூணு வருஷமா வாத்தியார் வேலைக்கு ஒரு மனு வரலை. அந்தப் பிள்ளைங்களுக்கு அது நல்லதில்லைன்னு நான் நிஜமாவே நினைக்கிறேன், வெர்லின். நீ என்கிட்ட என்ன நினைக்கிறன்னு ஒரு தடவைகூட கேட்கலை. விலைதான் பேசின.”

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஓடின இயந்திரம் இன்றைக்குக் கட்டுக் கட்டியிருந்தது.

வாசலில் க்ராஸ்னா மக்கள் காத்திருந்தார்கள். மூன்று பக்கமும் அவர்கள். பின்னால், இப்போதுதான் சாத்திய கதவு. அதன் முன்னால் மார்லிஸும் ட்ரெட்வெல்லும். வானம் திறந்துதான் கிடந்தது. ஆனாலும் அவருக்குச் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

“பொறுங்கன்னீங்க. பொறுத்தோம்” என்றாள் ஆக்னெஸ். “நாங்க விடப்போறதில்லை. நாளைக்கு ஊர் ஊராப் போய்க் கையெழுத்து வாங்கப்போறோம். முதல்ல நீங்க நின்னு பேசணும். என்ன சொல்றீங்க?”

பேசலாம். பேசினால், கையெழுத்துப் போட்டு ஐந்தாம் நாளே அதைத் தின்றவன் என்று அடுத்த வாரத்துக்குள் வட்டாரம் முழுக்கப் பரவும். ட்ரெட்வெல்லிடம் தாளின் நகல் இருக்கிறது. பழைய டிராக்டர் விற்பவனுக்கு உடைமை என்று இருப்பது இரண்டுதான்: சரக்கு, கையெழுத்து. சரக்கைப் பற்றி அவர் நிறையப் பொய் சொல்லியிருக்கிறார். கையெழுத்தை ஒருநாளும் மீறியதில்லை.

“குழு முடிவெடுத்தாச்சு” என்றார் வெர்லின். தொண்டை கட்டவே இல்லை. குரல் தெளிவாக வந்தது. “அந்த முடிவுக்குப் பின்னால நானும் நிக்கிறேன்.”

ஆக்னெஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“அந்தப் பச்சை டிராக்டர் இருக்குல்ல. நாளைக்கு வரலைங்க” என்றாள். “அது ஓடும்னு நீங்க சொன்னதை வெச்சுத்தானே வாங்கறதா இருந்தேன்.”

கூட்டம் அவருக்கு வழிவிட்டது. யாரும் தொடவில்லை, திட்டவில்லை. ஓரத்தில் டெல்பர்ட்டின் வண்டி இயங்கிக்கொண்டிருந்தது. வெர்லினின் வண்டி இன்னும் பட்டறையில்தான் கிடந்தது.

“ஏறு” என்றார் டெல்பர்ட்.

ஏறினார். க்ராஸ்னா வரை பதினெட்டு மைல். முற்றத்து வாசலில் வண்டி நின்றது. எதிரே பள்ளிக்கூடம், பூட்டின கேட். வெர்லினின் கை பழக்கத்தில் கதவுப்பிடியைத் தேடிப் போய், பிறகு மடியில் வந்து கிடந்தது.

டெல்பர்ட் உடனே இறங்கவில்லை.