திங்கட்கிழமைச் சாலட்

அவகாடோவை வெட்டியதும் அது கறுக்கத் தொடங்குவது காற்று படுவதால்தான். பழத்துக்குள் இருக்கும் ஒரு நொதி காற்றைச் சேர்த்துக்கொண்டு அந்த வேலையைச் செய்கிறது. எலுமிச்சைப் புளிப்பு பட்டால் நொதி சோர்ந்துவிடும். அதனால் அன்று காலை ஆறரை மணிக்கு, பழத்தை மசிப்பதற்கு முன்பே அரை எலுமிச்சையைப் பிழிந்துவிட்டேன். மதியம் ஒரு மணிக்குத் தம்பி டப்பாவைத் திறக்கும்போதும் பச்சை பச்சையாகவே இருக்க வேண்டும்.

தம்பி காந்தனுக்கு நாற்பத்து மூன்று வயது. சிறுநீரகம் இரண்டும் போய் இரண்டு வருடமாகிறது. செவ்வாய், வியாழன், சனி ரத்தம் கழுவப் போவான். மற்ற நாள்களில் டுரியான் துங்காலில் ஒரு டயர் கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறான். பாயா ரும்புட்டில் என் வீட்டில்தான் இருக்கிறான். சமையல் நான்.

போன மாதம் ரத்தத்தில் புரதம் குறைந்துவிட்டது. முட்டையின் வெள்ளைக்கருவைச் சாப்பிடச் சொன்னார் ரத்தம் கழுவும் இடத்து நர்ஸ், மிஸ்ஸி என்போம். மஞ்சள் கருவில் பாஸ்பரஸ் அதிகம் என்பதால் அது வேண்டாம். நான்கு நாள் வெள்ளையை மட்டும் அவித்துக் கொடுத்தேன். ரப்பரை மெல்லுவதற்குக் கடையிலேயே டயர் இருக்கிறது என்றான். அதற்குப் பிறகு டப்பா தினமும் பாதிக்கு மேல் நிறைந்தே திரும்பியது. மாலையில் கழுவுதொட்டி முன்னால் நின்று அதைத் திறக்கவே எனக்குப் பயமாக இருக்கும். ஒருநாளாவது காலியாக வரட்டும் என்று சாமியைக் கேட்டுக்கொண்டே மூடியைத் தூக்குவேன்.

அப்போதுதான் கைப்பேசியில் அந்த வீடியோவைப் பார்த்தேன். மயோனிஸுக்குப் பதில் அவகாடோ. ஆரோக்கியமான மதிய உணவு என்று அந்தப் பெண் பத்து தடவை சொன்னாள். நான்கு வெள்ளைக்கரு, பெரிய அவகாடோ ஒன்று, எலுமிச்சை, மிளகு, கொஞ்சம் கொத்தமல்லி. முட்டையை ஒரே அளவாக நறுக்கினேன். அப்போதுதான் மசித்த பழம் எல்லாத் துண்டின் மேலும் ஒட்டும், ரப்பர் தெரியாது.

கிளம்பும்போது காந்தன் மூடியைத் திறந்து பார்த்தான்.

"என்னக்கா, பச்சை பெயின்ட்டா?"

"வாய மூடிட்டுச் சாப்பிடு."

"வாய மூடிட்டு எப்படிக்கா சாப்பிடுறது?"

பொட்டாசியம் பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. சிறுநீரகம் வேலை செய்தால் மிஞ்சும் பொட்டாசியத்தை அது வெளியே தள்ளிவிடும். செய்யாதவர்களுக்கு அது ரத்தத்திலேயே தங்கும். அதனால் வாழைப்பழம், இளநீர், தக்காளி எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. உருளைக்கிழங்கைச் சிறிதாக வெட்டி, ஊறவைத்து, நிறைய தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவேன். பொட்டாசியம் தண்ணீரில் கரைந்து போய்விடும். இதைப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் விளக்கிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவகாடோ இனிக்கவில்லை, புளிக்கவில்லை, வெண்ணெய் மாதிரி இருந்தது. அதனால் அதைப் பழம் என்றே நான் நினைக்கவில்லை. எண்ணெயோடு சேர்த்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

பதினொன்றரை மணிக்கு வெங்காயம் வாங்க ருக்கையா கடைக்குப் போனேன். வெங்காயம் வெறும் சாக்குதான். சாலட்டைப் பற்றிச் சொல்லத்தான் போனேன். ருக்கையாவின் மாமனார் அப்துல் ஹமீது ஐந்து வருடம் ரத்தம் கழுவிய மனிதர், இப்போது இல்லை. நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் தராசிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"தம்பிக்கா குடுத்தீங்க? அக்கா, அது வாழைப்பழத்தைவிட மோசம். மாமா கண்ணுலயே காட்டமாட்டோம்."

அது கொழுப்புதானே என்று நான் வாதாடினேன். அவள் கைப்பேசியில் தேடி என் பக்கம் திருப்பினாள். நூறு கிராம் வாழைப்பழத்தில் பொட்டாசியம் முந்நூற்று ஐம்பத்தெட்டு மில்லிகிராம். அவகாடோவில் நானூற்று எண்பத்தைந்து. நான் போட்டது நூறு கிராம் இல்லை, இருநூறு இருக்கும்.

அதோடு அன்று திங்கட்கிழமை. சனிக்கிழமை கழுவியவனுக்கு அடுத்தது செவ்வாய்தான். மற்ற இடைவெளிகளில் நடுவில் ஒரு நாள், இதில் மட்டும் இரண்டு நாள். வாரத்தில் பொட்டாசியம் மிக உயரத்தில் நிற்கும் நாள் திங்கள். அதன் மேல் நான் கொண்டுபோய் ஏற்றியிருந்தேன்.

மணி இன்னும் பன்னிரண்டாகவில்லை, ஒரு மணிக்குத்தானே சாப்பிடுவான், போய்விடலாம் லா என்றாள் ருக்கையா. காந்தனுக்கு நான்கு முறை போன் அடித்தேன். எடுக்கவில்லை. கடைக்கு அடித்தேன். தவுக்கேதான், கடை முதலாளி, எடுத்தார். அணைக்கட்டுப் பக்கம் டயர் வெடித்து நின்ற லாரிக்கு டயர் மாற்றக் கடைப் பையன் திலீப்போடு பிக்கப்பில் போயிருக்கிறான், கைப்பேசி கல்லாவில் சார்ஜில் கிடக்கிறது என்றார். சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் போனானா என்று கேட்டேன். அவர் கவனிக்கவில்லை.

வெங்காயத்தை அங்கேயே விட்டுவிட்டுக் காரை எடுத்தேன். வழியெல்லாம் இதயம் எப்படித் துடிக்கிறது என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. பொட்டாசியம் பெரும்பாலும் உயிரணுவுக்கு உள்ளே இருக்கும், வெளியே கொஞ்சம்தான். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ஒவ்வொரு துடிப்புக்கும் மின்சாரம் பிறக்கிறது. வெளியே கூடிவிட்டால் வித்தியாசம் குறையும். துடிப்பு தடுமாறும். சில பேருக்கு முன்கூட்டி வலியே இருக்காது, அப்படியே நின்றுவிடும். இதை எனக்குச் சொன்னது அதே மிஸ்ஸிதான். தெரிந்துகொள்ள ஆசையாக அன்று நான்தான் கேட்டேன். கேட்காமலேயே இருந்திருக்கலாம் என்று சிவப்பு விளக்குகளில் எல்லாம் தோன்றியது.

கடையில் கல்லா மேசைக்குக் கீழே டப்பா இருந்தது. நிறைந்திருக்கட்டும், சாமி, நிறைந்திருக்கட்டும் என்று மூடியைத் திறந்தேன்.

காலி. மூலையில் ஒட்டியிருந்ததைக்கூடக் கரண்டியால் வழித்துத் தின்றிருந்தான்.

மூடியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். பிக்கப் வந்து நின்றது. இறங்கும்போது காந்தன் கதவைப் பிடித்துக்கொண்டுதான் காலை ஊன்றினான்.

"நீ எங்கக்கா இங்க? சாலட் செம. பத்தரைக்கே சாப்பிட்டேன். திலீப் ஒரு வாய் கேட்டான், குடுக்கல."

பொட்டாசியம் ஏறினால் கால் தசைகளும் சோரும் என்று மிஸ்ஸி சொல்லியிருந்தார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரமாகவே கனக்கிறது, வெயிலாக இருக்கும் என்றான். திலீப்பைப் பின்னால் உட்காரச் சொல்லி நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். காரில் விஷயத்தைச் சொன்னேன். காந்தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தான், பிறகு நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் எடுத்துவிட்டான்.

அவசரப் பிரிவில் இதயத் துடிப்பைப் பார்க்க நெஞ்சில் ஒயர்கள் மாட்டினார்கள். தாளில் வந்த கோட்டில் சிறு மேடாக இருக்க வேண்டிய இடமெல்லாம் கூடாரம் மாதிரி கூர்மையாக எழும்பியிருந்தது. பொட்டாசியம் ஆறு புள்ளி ஆறு, ஐந்துக்குள் இருக்க வேண்டியது. டாக்டர் சின்னப் பெண், பொறுமையாகச் சொன்னார். முதலில் கால்சியம் ஊசி. அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்துக்குக் கொஞ்ச நேரக் காவல் மட்டும். அடுத்தது இன்சுலினும் குளுக்கோஸும். அது பொட்டாசியத்தை உயிரணுவுக்குள் தள்ளி ஒளித்துவைக்கும், அதுவும் சில மணி நேரம்தான். உடம்பைவிட்டு வெளியேற்றுவது இயந்திரம் ஒன்றுதான். நாளை வரை காத்திருக்க முடியாது, இன்றே கழுவ வேண்டும்.

பிறகு அவர் காந்தனிடம் கேட்டார். இரண்டு வருடமாக நோயாளியாக இருக்கிறீர்கள், அவகாடோ கூடாது என்று உங்களுக்குத் தெரியாதா?

"அக்கா செஞ்சது டாக்டர்," என்றான். "அக்கா குடுத்தா நான் என்ன ஏதுன்னு பார்க்கிறதில்ல."

எனக்குச் சாதகமாகத்தான் சொன்னான். நான் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்று மணிக்கு இயந்திரத்தில் போட்டார்கள். திலீப்பை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரத்தம் சிவப்புக் குழாயில் வெளியே போய், மெல்லிய நூல் போன்ற ஆயிரக்கணக்கான குழல்களுக்குள் ஓடித் திரும்பி வந்துகொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் அதை விளக்கியிருப்பேன்.

"தப்பு என்னோடதுடா," என்றேன். "கொழுப்புன்னு நானே முடிவு பண்ணிட்டேன். யாரையாவது கேட்டிருக்கணும்."

அவன் கண்ணை மூடினான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

"கொல்லப் பார்த்தாலும் டேஸ்ட்டா செஞ்ச பாரு, அதைச் சொல்லணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனிமேல் நான் எதைக் கட்டிக் கொடுத்தாலும் மூடியைத் திறந்ததும் என்ன போட்டாய் என்று கேள், நான் கோபப்பட்டாலும் கேள் என்றேன். சரி என்றான். சொன்ன வேகத்தைப் பார்த்தால் கேட்பான் என்று தோன்றவில்லை. அவன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

தலைமாட்டில் இருந்த திரையில் கோடு ஓடியது. கூடாரங்கள் கொஞ்சம் தணிந்த மாதிரி தெரிந்தது. எனக்கு அப்படித் தெரிந்தது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி மிஸ்ஸி அந்தப் பக்கம் வந்ததும் எழுந்து நின்று கேட்டேன். அவர் திரையைப் பார்த்தார். மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறோம், எண் வந்தால்தான் சொல்ல முடியும், இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்றார்.

உட்கார்ந்து மணியைப் பார்த்தேன். நான்கைத் தாண்டி ஐந்து நிமிடம்.