அத்தர்க்காரர் புகழ்ந்த ரோஜா

போன வருஷம் வந்த காய்ச்சல், போகும்போது பக்ருன்னிசாவின் மோப்பத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. வேறு யாருக்காவது என்றால் போய்த் தொலையட்டும் என்று விடலாம். அவளோ கோட்டைமேட்டு அத்தர் கடை நிஜாமின் மனைவி. எந்த எண்ணெயில் எதை எத்தனை சொட்டு விடுவது என்று முகர்ந்து பார்த்துக் கலப்பதே அவள்தான். நிஜாமுக்கு விற்கத்தான் தெரியும்.

தினமும் எதையாவது முகர்ந்து பழகினால் மெல்லத் திரும்பலாம் என்றார் டாக்டர். கடைச் சரக்கு ஒன்றும் பலிக்கவில்லை. அதனால்தான் இன்று லாலி ரோட்டுத் தாவரவியல் பூங்கா. தாத்தா காலத்து மரங்களின் நிழலைத் தாண்டி ரோஜாத் தோட்டத்தில் நுழைந்தபோது, இங்கேயும் வராவிட்டால் இனி வரவே வராது என்று அவள் மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள்.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு ரோஜா. குனிந்து முகர்ந்தாள். ஒன்றுமில்லை.

நிஜாமும் முகர்ந்தார். "அப்பா, என்னமாத் தூக்குது. உனக்கு?"

அவள் உதட்டைப் பிதுக்கினாள். மஞ்சளுக்குப் போனார்கள். "இது அதுக்கும் மேல நிசா." வெள்ளைக்கும் அதே பாட்டு. அவர் புகழப் புகழ அவளுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஊட்டுக்குப் போயிறலாங்க. என்ற மூக்கு அவ்வளவுதான்."

அவள் கண் நிறைந்ததைப் பார்த்து நிஜாம் பதறிப்போனார். "தப்புப் பண்ணிப்போட்டேன் நிசா. அந்தப் பூவு எதுலயும் வாசமே இல்ல. எல்லாம் அழகுக்கு வெச்ச ஒட்டு ரோஜா."

"அப்பறம் ஏனுங்க தூக்குதுன்னீங்க?"

"நான் சொன்னா உனக்கும் வந்துருமோன்னு. கடைப் பழக்கம்."

குப்பியின் மூடியைத் திறக்கும் முன்பே சரக்கைப் புகழ்கிற மனுஷன். அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்த கோபம் பாதி வழியில் சிரிப்பாகிவிட்டது. "இனி நீங்க வாயே தொறக்கப்படாதுங்க."

வேலியோரம் யாரும் நின்று படம் எடுக்காத ஒரு பன்னீர் ரோஜாச் செடி. நிஜாம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். பக்கத்துத் தெருவிலிருந்து வருவது போல லேசாக என்னவோ வந்தது.

"தேன் வாசமுங்க," என்றாள். "பின்னால துளி கிராம்பு."

அல்ஹம்துலில்லாஹ் என்று இரண்டு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டாள். அந்தச் செடிக்கும், அதை நட்ட முகம் தெரியாத மகராசனுக்கும் சேர்த்தே நன்றி சொன்னாள்.

நிஜாமால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "நெசமாவா? என்ற மனசு நோகக்கூடாதுன்னு சொல்லலியே?"

"நான் என்னங்க, யாவாரியா, பொய் சொல்ல?"