ஊசிக்கு விடாத கழுத்து

இறந்துபோன உம்மாவைக் குளிப்பாட்டுகையில், கழுத்தில் தண்ணீர் ஊற்றிய ஸுஹைராவின் கை அங்கேயே நின்றுவிட்டது. கட்டி தென்னங்குரும்பை அளவுக்குப் பெருத்திருந்தது.

"மெல்ல ஊத்து புள்ள," என்றார் பெரியம்மா சாரா உம்மா. குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

பெரியம்மாவுக்கும் இளவயதில் இப்படியொரு கட்டி. அந்தக் காலத்தில் கழுத்தை அறுத்துப் பார்த்துத்தான் சொல்வார்கள். அறுத்தார்கள். வெறும் வீக்கம், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லாததற்குக் குரல் போனது.

அதையே பிடித்துக்கொண்டார் வாப்பா நூஹு. மூன்று வருடத்துக்கு முன், உம்மாவின் கட்டி புளியங்கொட்டை அளவில் இருந்தபோதே டொக்டர் எவ்வளவு பொறுமையாகச் சொன்னார்.

"இப்ப முந்தி மாதிரி இல்ல. ஊசியால துளி எடுத்துப் பார்த்தாலே வெட்டணுமா, வேணாமா எண்டு தெரிஞ்சிரும். வெட்டத் தேவையில்லாதவங்கதான் கூடுதல்."

குறித்த நாளில் உம்மா அபாயா உடுத்தி வாசலில் நின்றார்.

"இண்டைக்கு ஊசி எண்டுவான், நாளைக்குக் கத்தி எண்டுவான். உன்னையும் ஊமையாக்கித்தான் அனுப்புவான். அபாயாவக் கழட்டு," என்றார் வாப்பா.

உம்மா கழற்றினார். பிறகு சோறு இறங்கவில்லை. கடைசியில் மூச்சும் இறங்கவில்லை. ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிற மனுசனுக்கு ஒரு ஊசியைப் பொறுக்க முடியவில்லையே! குத்துவது அவர் கழுத்திலா? ஸுஹைரா அடுத்த குவளைத் தண்ணீரை மெல்ல ஊற்றினாள்.

கஃபன் துணி சுற்றிய உம்மாவின் ஜனாஸாவை, முற்றத்தில் இருந்த சந்தூக்கில், தூக்கிச் செல்லும் பெட்டியில், வைத்தார்கள். கண்டக்குழி ஊர் ஆண்களெல்லாம் கூடி நின்றார்கள். மௌத்தானவருக்காக ஊராரிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கப்படி வாப்பா முன்னே வந்தார்.

"என்ட மனிசி உங்கள்ல யாருக்காவது மனசு நோக நடந்திருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க."

"மன்னிச்சிட்டம்," என்றது கூட்டம்.

எதை மன்னித்தார்கள்? உம்மா யாருக்கு என்ன செய்தார்? ஸுஹைரா பெண்கள் பக்கத்துத் திரையை விலக்கிக்கொண்டு வாசற்படிக்கு வந்தாள்.

"வாப்பா, உம்மாக்கிட்ட நீங்க கேட்டீங்களா?"

"என்னத்த?"

"மன்னிப்பு."

பெரியம்மா பின்னால் வந்து ஸுஹைராவின் தோளைப் பிடித்தார். உள்ளே இழுக்கத்தான் பிடிக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"கேளு நூஹு," என்றார்.

அந்தக் காற்றுக் குரல் வேலியோரம் நின்றவர்களுக்கும் கேட்டது.

வாப்பா சந்தூக்கின் பக்கம் குனிந்தார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிடியில் கைவைத்திருந்த நால்வரும் தூக்காமல் நின்றார்கள்.