கேமராவுக்கு மழையுறை தேர்வது எப்படி (பசு வந்த பகுதிகள் நீக்கப்படவில்லை)

1

இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. ஓமானின் சலாலாவில் படம் எடுப்பவர்கள் சேர்ந்து நடத்தும் குழு ஒன்று, கரீஃப் எனப்படும் இந்த மழைக்காலத் தூறலில் நனைந்து செத்துக்கொண்டிருக்கும் கேமராக்களைப் பார்த்துப் பயந்துபோய், ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதித் தரச் சொன்னது: மழையுறை வாங்குவது எப்படி. நான் இங்கே பல வருடங்களாகக் கேமராக் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பொருளில் என்னைப் பேசவிட்டால் நிறுத்துவது கடினம். சந்தோஷமாகத் தொடங்கினேன்.

முதல் வரி: "உறை வாங்குமுன், உங்கள் மழை எப்படிப்பட்டது என்று பாருங்கள்."

இரண்டாவது வரி: "எங்கள் மலையில் மழை விழுவதைவிட அலைவதுதான் அதிகம்."

மூன்றாவது வரியில் ஒரு பசு நுழைந்தது. அடித்துவிட்டு வேறு வரி எழுதினேன். அதிலும் வந்தது. சிவப்பு நிறம், மூக்கில் வெள்ளைப் புள்ளி, நிறைமாதச் சினை. போன வாரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அதன் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அது இல்லாமல் இந்தக் குறிப்பு நகராது என்று புரிந்துவிட்டது. வரட்டும்.

2

ஆனாலும் குறிப்பு குறிப்புதான். உறையில் பார்க்க வேண்டியவை:

துணி. பிளாஸ்டிக் உறை தண்ணீரை விடாது, ஆனால் உள்ளே இருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. கரீஃபில் காற்றே பாதி தண்ணீர். மூடிக் கட்டினால் கேமரா உள்ளேயே வியர்க்கும். பூச்சு பூசிய துணி உறை கொஞ்சம் மூச்சு விடும்.

கழுத்து. லென்ஸின் முனையை உறை இறுகப் பிடிக்க வேண்டும். அதற்கு ஓர் இழுகயிறு இருக்கும், கயிற்றில் புளியங்கொட்டை அளவில் ஒரு பூட்டு இருக்கும். அழுத்தினால் நகரும், விட்டால் பிடிக்கும். உள்ளே இருப்பது ஒரு சின்னச் சுருள்கம்பி மட்டும். எனக்கு மிகவும் பிடித்த பொருள் அது.

அடிப்பக்கம். பெரும்பாலான உறைகள் கீழே திறந்தவை. முக்சைல் கடற்கரையில் பாறைத் துளை வழியாகக் கடல் கீழிருந்து மேலே பீய்ச்சும்போது அந்த உறையால் ஒரு பயனும் இல்லை. தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும் என்று முதலில் யோசியுங்கள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: குளிர்பதனம் ஓடும் காரிலிருந்து கேமராவை எடுத்து உடனே உறை போடாதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படியும். கேமரா வெளிச்சூட்டுக்கு வரட்டும், பிறகு போடுங்கள்.)

இதையெல்லாம் நான் பகீத்துக்கும் சொன்னேன். துறைமுக அலுவலகத்தில் வேலை, விடுமுறை நாளில் மலையில் படம். கடைக்கு வந்து பிளாஸ்டிக் உறையைக் கையில் எடுத்து ஆட்டினான்.

"அண்ணே, என்ன இது, சரசரன்னு இவ்வளவு சத்தம்? என் மச்சான் புதுச்சட்டை போட்டுக்கிட்டு வர்ற மாதிரி இருக்கு."

"சத்தம் கூடாதுன்னா துணி உறை. இதோ."

"விலையும் சத்தம் போடாம இருக்குமா?"

"அது கொஞ்சம் கத்தும்."

பகீத் அந்தத் துணி உறையைப் புரட்டி, தையலில் வாயை வைத்து ஊதினான். மறுபக்கம் கன்னத்தை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தான். அப்படிச் சோதிப்பவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அவன் மேல் எனக்கு மரியாதை வந்தது. அதையே வாங்கிக்கொண்டு போனான்.

3

அந்த வெள்ளிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு அவன் சின்னம்மா நியாரின் மாட்டுக்கொட்டிலுக்குப் போனான். மலைச்சரிவு, பக்கத்தில் பெரிய அத்திமரம், கீழே பள்ளத்தாக்கு. பனி ஏறிவந்து பள்ளத்தாக்கை நிரப்புவதைக் கேமரா சில வினாடிக்கு ஒரு படமாகத் தானே எடுக்க வேண்டும். முக்காலியை ஊன்றி, சாயாமல் இருக்க நடுவில் கல் நிறைந்த பையைத் தொங்கவிட்டோம். பகீத் வண்டியின் பின்பக்கத்திலிருந்து உறையை எடுத்து வந்து மாட்டினான். கயிற்றை இழுத்துப் பூட்டினான். அழகாக இருந்தது. நியாரின் கூடாரத்துக்குள் பால் தேநீர் குடிக்கப் போனோம்.

திரும்பி வந்தபோது முக்காலி நின்றது, கேமரா நின்றது, உறை இல்லை. கேமராவின் தலையில் தூறல் வழிந்துகொண்டிருந்தது.

"காத்துல போயிருக்கும்," என்றான் பகீத்.

"காத்து எங்கடா அடிச்சுது?" என்றார் நியார். பிறகு குனிந்து சேற்றைப் பார்த்தார். முக்காலியைச் சுற்றிக் குளம்புத் தடங்கள். "உறையை வண்டியில எங்க வச்சிருந்த?"

"பின்னாடிதான். மூட்டை மேல காயப் போட்டிருந்தேன்."

"எந்த மூட்டை?"

பகீத் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். அது கோடையில் மிச்சமான மத்தி மூட்டை.

4

இங்கே நிறுத்துகிறேன், ஏனென்றால் பகீத் மேல் எனக்கே நம்பிக்கை குறைகிறது. தையலை ஊதிப் பார்க்கும் ஒருவன், உறையைப் போய் மீன் மூட்டை மேல் போடுவானா? நீங்கள் இதைப் படித்துவிட்டு, கதாசிரியர் தேவைக்காக அவனை முட்டாளாக்கிவிட்டார் என்பீர்கள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். புல் இல்லாத மாதங்களில் இங்கே மாடுகளுக்குக் காய்ந்த மத்தி போடுவார்கள். மாடு கருவாடு தின்னுமா என்று நீங்கள் கேட்கலாம். இந்த மலை மாடுகள் அதன் வாசனைக்கு ஓடி வரும். அந்த வாசனையில் பிறந்து வளர்ந்தவன் பகீத். வண்டி, தலைத்துணி, கல்யாண வீட்டு முற்றம் எல்லாவற்றிலும் அது இருந்தது. அவனுக்கு அது வாசனையே இல்லை, வெறும் காற்று. வெளியூர்க்காரன் மூக்கைப் பொத்தியிருப்பான், உறையை வேறிடத்தில் வைத்திருப்பான். இந்தத் தவற்றைச் செய்ய இந்த ஊர்க்காரனால்தான் முடியும்.

ஆக, பகீத் இருக்கட்டும்.

5

நியார் திட்டவில்லை. வண்டிக் கதவை ஓங்கிச் சாத்தினாலே ஊருக்குக் கேட்கத் திட்டுபவர், அன்று மெதுவாகப் பேசினார்.

"போன வருஷம் ஒண்ணு போச்சு. சுத்திப் பார்க்க வர்றவங்க போட்டுட்டுப் போன பை. வயித்தை அறுத்தா கட்டியா அதுதான் கிடந்துச்சு." கொட்டில் பக்கம் பார்த்தார். "எந்த மாடுன்னு மட்டும் சொல்லுங்க."

எந்த மாடு என்று கேமராவுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் நனைந்த கேமராவை முடுக்கக் கூடாது. (ஈரத்தோடு மின்சாரம் ஓடினால்தான் பழுது. முதலில் மின்கலத்தைக் கழற்றுங்கள், மீதியெல்லாம் பிறகு.) கழற்றினேன். நினைவட்டையை உருவித் துடைத்து, வண்டியில் இருந்த என் கேமராவில் போட்டேன். மூன்று தலைகள் ஒரு சின்னத் திரைமேல் கவிந்தன.

பனி. பனி. பனி. ஒரு மூக்கு.

"இது யாரு?" என்றேன்.

"ஹம்ரா," என்றார் நியார். சினையாக இருந்தது அந்த ஹம்ராதான்.

அடுத்த படம் முழுக்க நாக்கு. அடுத்தது இருட்டு, உறை லென்ஸைத் தாண்டி இழுபட்ட கணமாக இருக்க வேண்டும். அடுத்ததில் ஹம்ரா திரும்பி நடக்கிறது, வாயிலிருந்து உறையின் ஒரு கை (நாம் கையை நுழைக்கும் துணிக்குழல்) தொங்குகிறது. அடுத்ததில் லென்ஸில் துளிகள். அதற்கடுத்த படங்களில் ஒரு சிவப்பு மங்கல். பிறகு வெள்ளை.

"மிச்சம் எங்க அண்ணே?"

"இவ்வளவுதான். கண்ணாடி நனைஞ்சுடுச்சு."

6

கேமராவே முடிவைச் சொல்லாமல் விட்டதால், மேசையில் நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ. ஹம்ரா உறையை முழுக்க விழுங்கிவிட்டது. மருத்துவர் இடது விலாவில் மயிரை மழித்து, மரத்துப்போக ஊசி போட்டு, கத்தியை

இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை.

ஆ. ஹம்ரா உறையைத் துப்பிவிட்டது, வேறொரு மாடு அதை... வேண்டாம். இது ஏமாற்று. பயத்தை ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்கு மாற்றுவதில் யாருக்கு என்ன லாபம்?

இ. பனி மூடிய படத்தோடு கதையை விட்டுவிடுவது. நல்ல முடிவு என்று என் நண்பர்கள் சொல்லக்கூடும். சேற்றில் நிற்கும் நியாரிடம் போய் அவர்களே அதைச் சொல்லட்டும்.

7

நடந்ததையே எழுதுகிறேன்.

உறையைக் கண்டுபிடித்தது பகீத். அத்திமரத்தடிச் சேற்றில் வழுக்கி விழுந்தான், விழுந்த இடத்தில் அது கிடந்தது. மிதிபட்டு, கிழிந்து, பச்சை எச்சிலோடு. மத்தி வாசனை வந்ததே தவிர மத்தி வரவில்லை என்று ஹம்ரா சலித்துத் துப்பியிருக்க வேண்டும்.

பாறையில் விரித்தோம். இந்த உறையின் வெட்டு எனக்கு மனப்பாடம். இரண்டு கைகள், இருந்தன. திரையைப் பார்க்கப் பின்பக்கத்தில் தைத்த கண்ணாடிச் சதுரம், இருந்தது. கிழிசல்களைப் பொருத்திப் பார்த்தேன், துணியில் ஒரு துண்டும் குறையவில்லை. கழுத்தில் கயிறு இல்லை. பூட்டும் இல்லை.

வண்டிக் கூரைமேல் ஏறினால்தான் அங்கே தொலைபேசி எடுக்கும். பகீத் மேலே நின்று, ஒலிபெருக்கியைப் போட்டுக் கையைக் கீழே நீட்டினான். கால்நடை மருத்துவர் அடிவாரத்தில் பனியில் நின்றுபோயிருந்தார்.

"துணி முழுசா இருக்கா? நல்லாப் பார்த்தீங்களா?"

"பார்த்துட்டேன் டாக்டர். கயிறும் பூட்டும்தான் இல்ல," என்றேன்.

"அது உள்ள போயிருந்தா பெரும்பாலும் சும்மா கிடக்கும். தொண்டையில சிக்கியிருக்கான்னுதான் தெரியணும். எச்சில் கொட்டுதா?"

"இல்ல," என்றார் நியார்.

"இடது பக்கம் வீங்கியிருக்கா?"

"இல்ல. ஆனா சும்மா நிக்குது. மேயல."

"விரட்டாதீங்க. படுக்க விடுங்க. அசை போடுதான்னு பாருங்க. போட்டா பயமில்ல. நான் வந்து பார்த்துக்கறேன்."

இதன் அழகைச் சொல்லாமல் என்னால் நகர முடியவில்லை. மாடு அவசரமாக விழுங்கிய புல், பிறகு உருண்டையாக அதே குழாய் வழியாக மேலே வரும், மென்றபின் அதே வழியாகக் கீழே போகும். குழாயில் கயிறு சிக்கியிருந்தால் உருண்டை ஏறாது. ஆகவே ஏறும் ஓர் உருண்டை போதும், வழி திறந்திருக்கிறது என்று சொல்ல.

ஹம்ரா படுத்தது. நாங்கள் பக்கத்திலேயே ஈரத்தில் உட்கார்ந்தோம். நியாரின் கை அதன் முதுகின் மேல் இருந்தது. வயிற்றில் கன்று ஒருமுறை புரண்டது, தோல் மேடிட்டுத் தாழ்ந்தது. தாடை அசையவில்லை. தேநீர் கூடாரத்தில் ஆறிக்கொண்டிருந்தது. பகீத்தின் உதடுகள் மட்டும் எதையோ முணுமுணுத்தன. கடை, கேமரா, உறை, நான் பேசும் அத்தனை அறிவும் எங்கோ போய்விட்டிருந்தன.

பிறகு அதன் கழுத்தில் ஏதோ கீழிருந்து மேலே ஓடியது. தாடை ஒரு பக்கமாகப் போய், திரும்பி வந்தது. மறுபடியும். மறுபடியும். கண் பாதி மூடி, உலகத்தில் எதுவுமே நடக்காதது போல ஹம்ரா மென்றுகொண்டிருந்தது.

நியார் நீளமாக மூச்சு விட்டார். எழுந்தார். சேறு பட்ட கையை உடையில் துடைத்தார்.

"டேய், கழுதை பெத்ததே!"

"சின்னம்மா, என்னைப் பெத்தது உங்க அக்கா."

"அவளையும் சேர்த்துத்தான்டா சொல்றேன்! மீன் மூட்டை மேல கொண்டுபோய்ப் போட்டிருக்கியே, உனக்கு மூக்குன்னு ஒண்ணு எதுக்கு? கண்ணாடி மாட்டவா?" பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க ஏன் சிரிக்கிறீங்க? இவனுக்கு இதை வித்தது யாரு?"

பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. பகீத் தலையைக் குனிந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். ஆறிய தேநீரைச் சூடாக்கினோம். மருத்துவர் வந்து, காதை வைத்து, அழுத்திப் பார்த்து, மாடு நன்றாக இருக்கிறது என்றார். கயிற்றைப் பற்றிக் கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார்.

8

குறிப்பில் சேர்க்க வேண்டியது: உறையை வாங்கியபின் எங்கே வைக்கிறீர்கள் என்பதும் தேர்வில் ஒரு பகுதி. நல்ல தண்ணீரில் அலசுங்கள், தீவனத்திலிருந்து தள்ளி உலர்த்துங்கள். உங்கள் மூக்கை நம்பாதீர்கள், வெளியூர்க்காரர் ஒருவரிடம் முகரக் கொடுங்கள். குழு இதை அச்சிடுமா என்று தெரியவில்லை.

கதையின் முடிவு என்னிடம் இல்லை. ஹம்ரா இன்னும் ஈனவில்லை. காலையில் பகீத்திடம் கேட்டேன், நன்றாக மேய்கிறது, மடி இறங்கியிருக்கிறது, இன்னும் சில நாட்கள் ஆகும் என்றான். நான் எழுதிக்கொண்டிருப்பது அந்த நாட்களுக்கு முன்னால். நீங்கள் படிப்பது அவற்றுக்குப் பின்னால். எனக்கு இல்லாத வசதி அது, உங்கள் பக்கத்தில் கன்று ஏற்கெனவே பிறந்துவிட்டது. கிடேரியா காளையா, என்ன நிறம் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். எழ முயலும்போது கன்று முதலில் பின்னங்கால்களைத்தான் ஊன்றும், முகம் கொஞ்ச நேரம் மண்ணில் கிடக்கும். விழுந்துவிட்டது என்று பதறாதீர்கள். அப்படித்தான் எழும்.