குறைச்சுவர்

எனக்கு வயிற்றில் பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று அறிய எங்கள் ஒழுங்கைச் சனங்கள் கிளினிக்குக்குப் போய் விசாரிக்கத் தேவையில்லை. என் புருஷனின் சுத்தியல் சத்தத்தைக் கேட்டாலே போதும். சத்தம் கேட்டால் ஒன்றுமில்லை. சத்தம் நின்றுவிட்டால் நான் பிள்ளைத்தாச்சி. இப்படியொரு வெட்கக்கேடு உலகத்தில் வேறு எந்தப் பெண்ணுக்காவது வந்திருக்குமோ தெரியாது, எனக்கு வந்தது.

இவர் ஜெயந்தன், மேசன். ஏறாவூரில், வாழைச்சேனையில், எங்கே கூப்பிட்டாலும் போய் வீடு கட்டிக் கொடுப்பார். பின்னேரம் வந்து, மிச்ச வெளிச்சத்தில் எங்கள் வளவில் தட்டிக்கொண்டிருப்பார். வீட்டுக்காரி முழுகாமல் இருந்தால் அந்த வளவில் வீட்டு வேலை செய்யக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அத்திவாரம் வெட்டக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது. கதவு நிலை வைப்பதைப்பற்றி வாய் திறக்கவே கூடாது. மீறினால் பிள்ளை தங்காது என்பார்கள். இதையெல்லாம் நம்புகிறாயா என்று என்னிடம் கேட்டால் என்ன சொல்ல? நம்பாமல் இருக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

முதலில் எங்களுக்குக் கடற்கரைப் பக்கத்தில் ஒரு வீடு இருந்தது. அம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது. எங்களிடம் வீடு பெண்பிள்ளைக்குத்தான், ஆண்பிள்ளை கல்யாணம் கட்டின இடத்துக்குப் போய்விடுவான். அதனால்தான் விதுர்ஷா பிறந்த அன்று இவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "வீட்டுக்காரி வந்துட்டா!"

அவள் வயிற்றில் இருந்தபோது எனக்குச் சுண்ணாம்பு ஆசை. மாங்காயும் வேண்டாம், புளியும் வேண்டாம். வெள்ளை அடித்த சுவரை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தால்தான் வயிறு அடங்கும். இவர் கண்டுவிட்டுச் சிரிப்பார்.

"நான் பூசுற, நீ தின்னுற. இந்த வீடு எப்பகா முடியும்?"

பிறகு அந்த மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை வந்தது. இவர் வேலைக்குப் போயிருந்தார். கடல் எழும்பி ஊருக்குள் வந்தது. நான் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். தண்ணீர் என்னை ஒரு தென்னையில் போட்டுவிட்டு அவளைக் கொண்டுபோனது. நாலு வயது. அதற்குமேல் என்னிடம் கேட்காதீர்கள். வீடும் போனது, வீட்டுக்காரியும் போனாள்.

ஒரு வருஷம் முகாம் கொட்டிலில் கிடந்தபிறகு, நாவற்குடாப் பக்கம் வாவிக்கரையில் இந்த வீட்டைத் தந்தார்கள். ஒரு விறாந்தை, ஒரு அறை, கோழிக்கூடு மாதிரி ஒரு குசினி. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் எல்லா வீடும் ஒரே அச்சு. குடிவந்த கையோடு இவர் வளவின் பின்பக்கம் கயிறு பிடித்து அளக்கத் தொடங்கினார்.

"என்ன இது?" என்றேன்.

"இன்னொரு அறை."

"ஆருக்கு?"

"வீட்டுக்காரிக்கு அறை வேணாமா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கயிற்றை அறுத்து எறிந்திருப்பேன். செத்த பிள்ளைக்கு அறையா? பிறகுதான் விளங்கியது, இனிப் பிறக்கப்போகிறவளுக்கு. அன்றைக்கு இவருக்கு இரண்டு மீன் கூடப் பொரித்துக் கொடுத்தேன்.

சுவர் முழங்கால் அளவுக்கு வந்தபோது எனக்கு நாள் தள்ளிப்போனது. சொன்னேன். இவர் மேசன் சாமான்களையெல்லாம் கழுவித் துடைத்து விறாந்தை மூலையில் வைத்தார். விடிந்து முற்றம் கூட்டப் போனால், பக்கத்து வளவுச் சீதேவியக்கா வேலிக்கு மேலால் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறா.

"என்ன ரஞ்சி, ஜெயந்தன்ட சத்தத்தக் காணல்ல? நல்ல விஷயந்தானே?"

சீதேவிப்பிள்ளை என்று அந்த மனுஷிக்குப் பெயர். ஒழுங்கையில் ஒரு நாய் படுத்து எழும்பினாலும் அவவுக்குத் தெரியும். காலையில் வாசல் படலைக்கு வந்தால் பொழுதுபடும்வரை அங்கேதான். மத்தியானத்துக்குள் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆளுக்கொரு பலகாரம் கொண்டுவந்தார்கள், ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள்.

அந்த மாசியில் பட்டணத்துப் பக்கமிருந்து ஆமிக்காரர் வாவிக்கு மேலால் அக்கரைப் படுவான்கரைக்கு ஷெல் அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் வீட்டு ஓடு அதிர்ந்தது. ஒரு விடியற்புறம் எனக்கு எல்லாம் முடிந்துபோனது.

இவர் கொஞ்ச நாள் பொறுத்திருந்தார். சும்மா இருந்தால் மனிதனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஒரு பின்னேரம் சுத்தியலை எடுத்துப் பலகை அடிக்கத் தொடங்கினார். ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, சீதேவியக்கா படலையைத் திறந்துகொண்டு வந்து நிற்கிறா.

"என்ன புள்ள, கலைஞ்சுத்தா?"

அவவுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். நான் கதிரை எடுத்துப் போட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அவர்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழ, நான் அவர்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினேன். என் பிள்ளைக்கு நான் எப்போது அழுவது?

அடுத்த வருஷம் சுவர் யன்னல் அளவுக்கு வந்திருந்தபோது மறுபடியும் சத்தம் நின்றது. மறுபடியும் பலகாரம், புத்தி. மறுபடியும் மூன்றாம் மாதத்தோடு முடிந்தது. இந்த முறை சுத்தியல் சத்தம் கேட்டதும் செத்த வீட்டுக்கு வருவதுபோல் வந்தார்கள். அவர்கள் போனபிறகு நான் பின்பக்கம் போய், மழையில் பாசி பிடித்து நின்ற சுவரைக் காலால் உதைத்தேன். கால்தான் வீங்கியது.

"இத இடிச்சுப் போடுங்க. இல்லாட்டி என்ட கண்ணுல படாம மறைச்சு விடுங்க!"

இவர் இடிக்கவில்லை. சுற்றிவரக் கம்பு நட்டுத் தென்னோலைக் கிடுகு கட்டினார். நானும் அந்தப் பக்கம் போவதை விட்டேன். உடுப்புக் காயப்போடுவதைக்கூட முன்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

வைகாசியில் சண்டை முடிந்துவிட்டது என்று றேடியோவில் சொன்னார்கள். பெரிய தெருவில் வெடி கொளுத்துகிற சத்தம் கேட்டது. எங்கள் ஒழுங்கையில் யாரும் வெளியே வரவில்லை, சீதேவியக்காவைத் தவிர. அவ வழக்கம்போலப் படலையில் நின்றா, ஆனால் தலைவாரி நல்ல சேலை உடுத்தியிருந்தா.

"இனிப் பொடியன்மார விடுவாங்கதானே, ரஞ்சி?" என்று கேட்டா.

அவவின் மகன் சிவதர்ஷன் பள்ளிக்கூட உடுப்போடு இயக்கத்துக்குப் போனவன். வன்னியில் கண்டதாக ஒருவர் சொன்னார், பிறகு ஒரு தகவலும் இல்லை. அந்த மனுஷி வருஷக்கணக்காகப் படலையில் நிற்பது என் வயிற்றைப் பார்க்க அல்ல என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவளுக்கு எங்கள் வீடும் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். "விடுவாங்கக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல?

அதற்குப்பிறகு ஊரெல்லாம் சுத்தியல் சத்தம். ஓடு மாற்றுகிறவர்களும் மதில் கட்டுகிறவர்களுமாக, விட்டுப்போன வேலைகளையெல்லாம் சனங்கள் ஒன்றாகத் தொடங்கினார்கள். இவரும் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"மறுகாத் தொடங்குவமா?"

"உங்கட இஷ்டம்" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

பின்னேரங்களில் கிடுகுக்கு அந்தப் பக்கம் டொக், டொக் என்று கேட்கத் தொடங்கியது. ஆடி பிறந்ததும் எனக்கு நாள் தள்ளியது.

நான் சொல்லவில்லை. யாருக்கும் இல்லை, இவருக்கும் இல்லை. இரண்டு முறை சொல்லி இரண்டு முறையும் பறிகொடுத்துவிட்டேன். வாய்விட்டால் போய்விடும் என்று நெஞ்சுக்குள் ஒரு பயம். கண்ணூறு, நாவூறு எதுவும் படாமல் இது ஒன்றாவது என்னிடம் தங்கட்டும், அது போதும் என்று அம்மாளாச்சியிடம் கேட்டேன். அறை வேண்டாம், கூரை வேண்டாம். மண் தரையில் கிடந்தாலும் பரவாயில்லை, எனக்கொரு பிள்ளை வேண்டும்.

ஆனால் அந்தச் சுத்தியல்! ஒவ்வொரு அடியும் என் அடிவயிற்றில் விழுந்தது. அங்கே ஆணி இறங்குகிறது, இங்கே என் பிள்ளைக்கு என்ன ஆகிறதோ? நிற்பாட்டச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் ஆணி. குசினிக்குள் நின்று இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு இவரைத் திட்டுவேன். இத்தனை வருஷம் கூட இருந்த மனிதனுக்குப் பெண்சாதியின் முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாதா? இறால் ஆய்ந்தால் ஓடிப்போய் ஓங்காளிக்கிறேன், அதுவும் தெரியாதா? மற்றவர்கள் வீட்டுச் சுவரில் நூல் அளவு கோணல் என்றால் கண்டுபிடிப்பாராம், பெரிய மேசன்!

ஒரே ஒரு நிம்மதி, சீதேவியக்கா ஏமாந்துபோனதுதான்.

"சத்தம் நல்லாக் கேக்குது. அப்ப இன்னும் ஒண்டும் இல்ல, என்ன புள்ள?"

"இல்லக்கா" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிடுவேன். ஊர் அறியாமல் பிள்ளை சுமப்பதிலும் ஒரு சுகம் இருந்தது. மூன்றாம் மாதம் தொடங்கியது. நான் படுத்தால் எழும்ப, எழும்பினால் நடக்கப் பயந்தேன்.

ஒரு பின்னேரம் சோற்றை வடித்துக்கொண்டிருக்கும்போது சீதேவியக்கா வேலியடியில் நின்று கேட்பது காதில் விழுந்தது.

"ஜெயந்தன், எந்த மட்டுக்கு வந்திட்டு?"

இவர் கிடுகுக்குள் இருந்து பதில் சொன்னார்.

"புதன்கிழமை நிலை வைக்கிறமக்கா. நல்ல நாளாம்."

நிலை! சோற்றுப் பானையை அப்படியே போட்டுவிட்டு, கஞ்சி காலில் கொட்டியதும் தெரியாமல், பின்பக்கம் போனேன். போகும்போதே வாயில் எல்லாம் தயாராக இருந்தது. மனிதனா நீங்கள், மரமா? அந்த நிலையை என் நெஞ்சில் வைத்து அடியுங்கள்! கிடுகை இழுத்துப் பிரித்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

சுவர் யன்னல் அளவிலேயே நின்றது. நான் உதைத்த சுவர், அதே பாசி. மேலே ஒரு கல் கூட ஏறவில்லை. நிலையும் இல்லை, பலகையும் இல்லை. சீமெந்துப் பை பிரிக்காமல் கட்டியபடி கிடந்தது. அறைக்குள் முழங்கால் உயரத்துக்குப் புல். நடுவில் இவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் குந்தியிருந்து, ஒரு தென்னங்குற்றியில் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். டொக். டொக். குற்றியின் தலை பஞ்சு பஞ்சாகக் கிழிந்திருந்தது.

குற்றியைக் கையால் காட்டினேன்.

"என்ன கூத்து இது?"

"மெல்லப் பேசு. அங்கால கேக்கும்" என்றார், அடியை நிறுத்தாமல். "ஆணி ஒண்டும் இல்ல. பயப்பிடாத."

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"குசினிச் சுவர். அடுப்புக்குப் பின்னால."

என் கை தானாகச் சேலைக்குள் ஒளிந்தது. நகத்துக்குள் இன்னும் சுண்ணாம்பு இருந்தது.

"முதல்ல எலி எண்டு நினைச்சன். எலி சுரண்டினா அப்பிடி இரிக்காது. விதுர்ஷாக்குச் சுரண்டின மாதிரியே இரிந்திச்சு." அவள் பெயரை இவர் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலம்! "அதுவரைக்கும் பலகைதான் தட்டினன், கல்லு ஏத்தல்ல. அண்டைக்கே பலகையள எடுத்து வச்சிட்டு வேலைய விட்டுட்டன்."

"அப்ப ஏன் என்னட்டக் கேக்கல்ல?"

"நீ சொல்லாம வச்சிரிக்கிறத நான் என்னெண்டு கேக்க?"

"நிப்பாட்டிப் போட்டுச் சும்மா இரிந்திருக்கலாமே?"

"நிப்பாட்டினா ஊருக்குத் தெரியும். பலகாரத்தோட வருவாங்க." இன்னும் இரண்டு அடி அடித்தார். "அவவுக்கும் சத்தம் கேட்டாத்தான் ஒரு நம்பிக்க. எங்கட அறைக்கு நிலை வைக்கிறதுக்குள்ள மகன் வந்திருவானாம்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்கக்கூடாததை வாய் கேட்டுவிட்டது.

"இதுவும் தங்காட்டி?"

இவர் அப்போதுதான் அடிப்பதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தங்காட்டி நாளைக்கும் வந்து அடிப்பன். நாளண்டைக்கும் அடிப்பன். ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காது. ஒருத்தரும் படலையத் திறந்து வரமாட்டாங்க. ஆருக்கும் தேத்தண்ணி ஊத்தத் தேவையில்ல." குனிந்து குற்றியை நேராக்கினார். "நீ உள்ளுக்க இரிந்து ஆறுதலா அழு."

அதைக் கேட்டதும் அந்தப் புல்லில் அப்படியே குந்தினேன். தண்ணீர் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நெஞ்சில் கிடந்த அழுகை. யார் யாருக்கோ ஆறுதல் சொல்லிச் சொல்லி நான் விழுங்கி வைத்தது. பிறக்காமலே போன இரண்டுக்கும், என் இடுப்பிலிருந்து போனவளுக்கும், இன்னும் தங்குமோ தங்காதோ தெரியாத இதற்கும் சேர்த்து, வாய்விட்டு, மிருகம்போல் கத்தி அழுதேன்.

இவர் சுத்தியலை ஓங்கினார். என் அழுகை ஏற ஏற இவரும் பலமாக அடித்தார்.

"அடேயப்பா, பலத்த வேலதான் நடக்குது போல!" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சீதேவியக்காவின் குரல் கேட்டது.

"ஓமக்கா" என்றார் இவர். இவருடைய தாடி நனைந்திருந்தது. "புதன்கிழமைக்குள்ள முடிக்கோணுமே!"

நான் அழுது முடிக்கும்வரை இவர் அடித்துக்கொண்டே இருந்தார்.