பெட்டகத்துக்கு ஓர் இடம்

நடீன் அப்பாவின் உதட்டை ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தாள். அவள் தம்பி காரெட் கட்டிலுக்கடியில் குனிந்து, அளவு நாடாவைச் சுவர்வரை இழுத்தான்.

"கொஞ்சம் காலை நகத்து."

"என்னடா பண்ற?"

"துப்பாக்கி சேஃபுக்கு இடம் பாக்குறேன். இந்த மூலைதான் தோது. கீழ சிமென்ட் தரை, போல்ட் போட்டு முடுக்கிரலாம்."

மொன்டானாவில் பனி விழத் தொடங்கியதிலிருந்து அப்பா ஆர்வில் முன்னறையின் அந்த மூலையில்தான் கிடந்தார். மூச்சு தொண்டையில் கரகரத்து, நின்று, மறுபடி வந்தது. காரெட் வாயில் அதக்கியிருந்த புகையிலையைக் காகிதக் கோப்பையில் துப்பி, அதை அப்பாவின் தண்ணீர்க் குவளையோடு ஒட்டி வைத்தான். நடீன் குவளையை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

அவன் துப்பாக்கிக் கடை டுவேனைக் கைபேசியில் கூப்பிட்டான்.

"மெல்லிசுத் தகடு வேணாம்பா," என்றது டுவேனின் குரல். "ஒரு கடப்பாரை போதும், மீன் டப்பா மாதிரி தொறந்துருவான். கனமா எடு. தீப்புடிச்சாலும் ஒரு மணி நேரம் தாங்கும்."

"பூட்டு?"

"திருகுறதுன்னா ஆயுசுக்கும் உழைக்கும். நம்பர் தட்டுறதுன்னா இருட்டுலயும் சட்டுனு தொறக்கலாம்."

"நம்பரே குடு. இன்னிக்கே கொண்டாந்துரு."

நடீன் நிமிர்ந்தாள். "இன்னிக்கேவா?"

"சித்தப்பா பசங்களை உனக்குத் தெரியாதா? சாவுக்கு வருவானுங்க, போறப்ப ரெண்டு ரைஃபிள் கூடப் போயிரும்."

"அவர் காதுல விழும்டா."

"விழட்டுமே. சந்தோஷப்படுவாரு."

அம்மா சாகும்வரை கெஞ்சியது இந்த ஒரு பெட்டிக்காகத்தான். "நம்ம வீட்டுல திருடனா இருக்கான்? பூட்டி வெச்ச துப்பாக்கியும் விறகுக்கட்டையும் ஒண்ணு," என்பார் ஆர்வில். கடைக்குட்டி டேல் ஒருநாள் இழுப்பறையிலிருந்த கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு குதிரைக் கொட்டகைக்குப் போனான். ஒரு வெடிச்சத்தம் கேட்டது; அவன் திரும்பி வரவில்லை. விசாரணை முடிந்து போலீஸ் கொடுத்த துப்பாக்கியை ஆர்வில் எண்ணெய் போட்டுத் துடைத்து, அதே இழுப்பறையில் வைத்தார். அதற்குப் பிறகும் பெட்டி வரவில்லை.

துடைத்த அந்தக் கையைத்தான் நடீன் இப்போது சோப்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தாள். விரலிடுக்கு விரலிடுக்காக. பீயும் மூத்திரமும் அவளுக்குப் பழகிப்போயிருந்தன. இந்தக் கை குமட்டியது.

மதியம் நின்ற மூச்சு திரும்ப வரவில்லை. காரெட் அப்போது வெளியே டுவேனின் லாரிக்கு வழி காட்டிக்கொண்டிருந்தான். சவ வண்டி உள்ளே வர வேண்டும் என்பதற்காக லாரியைப் பின்னுக்கு எடுத்தார்கள். ஆர்விலை வெளியே கொண்டுபோகையில் டுவேன் தொப்பியைக் கழற்றினான். பிறகு போட்டுக்கொண்டு, கட்டில் கிடந்த இடத்தில் தரையைத் துளைத்தான்.

டுவேன் போனதும் காரெட் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக உள்ளே நிறுத்தினான். பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல அவ்வளவு பதமாக. கடைசியாக இழுப்பறையைத் திறந்தான்.

"அதையுமா?" என்றாள் நடீன்.

"நல்ல பீஸு. வீணாக்கவா சொல்ற?"

"டேலோட ரத்தம்டா அது."

"துப்பாக்கி என்ன பண்ணும், நடீன்?" அதை மேல் தட்டில் வைத்து, கதவைச் சாத்தினான். "நம்பரை நீயும் மனசுல வெச்சுக்க. இன்னிக்குத் தேதிதான். நம்ம ரெண்டு பேருக்கும் மறக்காது."

நடீன் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை.

பக்கத்துப் பண்ணைக்காரி சமையலறை மேசையில் வைத்துவிட்டுப் போன உருளைக்கிழங்குப் பாத்திரம் இன்னும் சூடாக இருந்தது.

"தட்டு எடு, பசிக்குது," என்று முன்னறையிலிருந்து காரெட்டின் குரல் வந்தது.

நடீன் குழாயைத் திறந்தாள். முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவினாள். மறுபடி சோப்பை எடுத்தாள். தண்ணீர் சுடச்சுட விழுந்து ஆவி பறந்தது. முன்னறையில் அவன் எண்களைத் தட்டித் திறந்து பார்ப்பதும், மூடுவதும், மறுபடி தட்டுவதும் கேட்டது.